ஒட்டினீங்களா, விலகினீங்களா?

திருப்பூர் ரோட்டில் எவர்மீதும் மோதாமல் ஒருவர் ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார் என்றால், அவரிடம் வண்டியே இல்லை என்று அர்த்தம். மோதிய பிறகு நடப்பதும் எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் கை கால் இருக்கிறதா என்று பார்ப்போம், அடுத்து வண்டியைப் பார்ப்போம், அப்புறம் எதிராளியின் பரம்பரையை விசாரிப்போம். இது எதையும் செய்யாமல், விழுந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஒட்டினோமுங்களா, விலகினோமுங்களா?" என்று கேட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில், மோதல் சார்தான்.

கேட்டது என்னிடம். ஏனென்றால் மோதியது நான்.

நாங்கள் மோதிய அந்தச் சந்து முனையைக் கடக்கும்போது இப்போதும் பிரேக் பிடிக்கிறேன். அங்கிருந்து யாரும் வருவதில்லை. ஆனாலும் பிடிக்கிறேன்.

ஒரு பனியன் கம்பெனியில் துணி விரட்டும் உத்தியோகம் எனக்கு. பதவியின் பெயர் ஆங்கிலத்தில் கம்பீரமாக இருக்கும். வேலை என்னவோ, சாயப்பட்டறை வாசலில் நின்று "துணி எப்பங்க வரும்?" என்று கெஞ்சி, வந்த துணியை மொபெட்டின் முன்னால் மூட்டையாக ஏற்றி, அதற்கு மேலே கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு வருவதுதான். அன்றைக்கு அப்படி வந்தபோது சந்திலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டர் மூக்கை நீட்டியது. என் முன்சக்கர மட்கார்டு அதன் விலாவில் குத்தி நசுங்கியது. அதன் ஹேண்டில் என் துணி மூட்டைக்குள் புகுந்து சிக்கிக்கொண்டது. இரண்டு வண்டியும் ஒரே பிராணியாகி, பக்கத்து பேக்கரி வாசல் வரைக்கும் நிதானமாக ஊர்ந்து போய்ச் சாய்ந்தன. நான் மூட்டைமேல். அவர் தரையில்.

எழப் போனேன். "எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. தடம் அழிஞ்சிரும்" என்று கையமர்த்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"என்ற முட்டிதாங்க போச்சு" என்றேன்.

"முட்டி கெடக்குதுங்க. ரெண்டு வண்டியும் ஒட்டிக்கிட்டு ஒண்ணா நகந்துச்சு, பாத்தீங்களா? முழு இன்எலாஸ்டிக். இப்புடிக் கச்சிதமா அமையறது கஷ்டமுங்க."

குரலில் திருமண வீட்டில் வாழ்த்துச் சொல்லும் சந்தோஷம். பேக்கரிக்காரர் கொண்டுவந்த தண்ணீரை எனக்குக் கொடுத்துவிட்டு, தன் முழங்கை ரத்தத்தை என் துணியில் படாமல் துடைத்துக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தேன். எங்கள் கம்பெனிக்குத்தான். புதிதாக வேலைக்குச் சேரப் போகிறாராம். என்ன வேலை என்று கேட்டேன்.

"சேஃப்டி ஆபீசருங்க" என்றார்.

அதற்கு முன் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். மோதல் பாடம் நடத்தும்போது, தலைமை ஆசிரியையின் அறையில் இருந்த சக்கர நாற்காலிகளில் குண்டான இரண்டு பையன்களை உட்காரவைத்து, எதிரெதிராகத் தள்ளிவிட்டிருக்கிறார். பரிசோதனை வெற்றி. ஒருவன் கதவு வழியாக வராந்தாவுக்குப் போனான். இன்னொருவன் மேஜை வரை போனான். மேஜையில் அப்போது பள்ளித் தாளாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இப்படித்தான் சார் பனியன் தொழிலுக்கு வந்தார்.

நானும் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவன்தான். அந்தப் பாடம் என் மூளைமீது வேகமாக வந்து மோதியது, வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. இரண்டு தரப்புக்கும் ஒரு சேதமும் இல்லை. அதுதான் எலாஸ்டிக் மோதல் என்று சார் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாக இயற்பியல் புரிந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேரம் போர்டுதான் அவர் மேடை. ஒரு காயை நடுவில் வைப்பார். இன்னொரு காயை நேராகச் சுண்டுவார். சுண்டிய காய் சட்டென்று நின்றுவிடும், நின்ற காய் கிளம்பிப் போகும். "பாருங்க, இவன் ஓட்டத்தை அப்புடியே அவனுக்குக் குடுத்துட்டான். கையில ஒண்ணும் வெச்சுக்கல. இது எலாஸ்டிக்குக்குக் கிட்டத்துல." அடுத்து கட்டிங் பிரிவில் கிடக்கும் வேஸ்ட் துணியை ஈரம் பண்ணி இரண்டு உருண்டையாகப் பிடிப்பார். ஒன்றின்மேல் ஒன்றை எறிவார். சொத்தென்று ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்து நகரும். "இது இன்எலாஸ்டிக்குங்க. வேகம் கொறைஞ்சு போச்சு. கொறைஞ்ச சக்தி எங்க போச்சு? களவு போகலீங்க. நசுங்கினதுல போச்சு, சூட்டுல போச்சு, சத்தத்துல போச்சு."

அப்புறம் மறக்காமல் ஒன்று சொல்வார். "முழு எலாஸ்டிக்குனு நம்ம கண்ணுக்குத் தெரியற சாமான் எதுலயும் கெடையாதுங்க. கேரம் காயிலகூட 'டக்'னு ஒரு சத்தம் வருது பாருங்க, அந்த டக் நஷ்டந்தான்."

பீகாரிலிருந்து வந்து எங்களிடம் துணி தள்ளுவண்டி ஓட்டிய பையன்கள், "சாரு, இன்னிக்கி நமக்கு ஒட்டல, ரொம்ப பௌன்ஸ்" என்று மோதியதும் நேராக அவரிடம் வந்து ஒப்பிக்கும் அளவுக்குப் படிப்பு பரவியது. விபத்து அறிக்கையில் காயம், காரணம், நடவடிக்கை என்று எழுதவேண்டிய இடங்களில் சார் அம்புக்குறி போட்டுவைப்பார். பெர்சனல் மேனேஜர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

சண்டை நடந்தால் சார் விலக்கமாட்டார். ஓவர்லாக் மெஷினில் உட்காரும் மேரியக்கா நாசரேத்துக்காரர். பக்கத்து பேட்லாக் மெஷினில் இருக்கும் சரசு பொங்கலூர். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு ஃபேன். அதை யார் பக்கம் திருப்புவது என்று ஒருநாள் பற்றிக்கொண்டது. "எட்டி, ஒனக்கு மட்டுந்தான் வேக்குதா?" என்று மேரியக்கா ஆரம்பித்தார். சூப்பர்வைசர் ஓடினார், மேனேஜர் ஓடினார். சார் மட்டும் நடுவில் கைகட்டி நின்று, "இன்னுங் கொஞ்சம் சத்தம் போடுங்க சாமி, பாதிதான் வெளிய வந்திருக்குது" என்று உற்சாகப்படுத்தினார். இரண்டு பேரும் கத்தித் தீர்த்து, ஆளுக்கொரு மூலையில் அழுதார்கள். மறுநாள் ஒரே டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் சார் என்னிடம். "சத்தம் போட்டு, சூடாகி, நசுங்கினாங்க. அதான் ஒட்டிக்கிச்சு. சண்டை போட்டுட்டு வந்த வேகத்துலயே திரும்பிப் போறாங்க பாருங்க, அவுங்கதான் சேரமாட்டாங்க."

இதை அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

சாருக்கு ஒரே மகள், நித்யா. மனைவி முன்பே காலமாகிவிட, மகளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து தாவணி எடுத்துக் கொடுத்தது வரை எல்லாம் சார்தான். படிப்பு முடித்த நித்யா வேறொரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே லைன் சூப்பர்வைசர் செல்வின். தூத்துக்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற பையன். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒருநாள் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

இங்கே எங்கள் ஊர் வியாதி ஒன்றைச் சொல்லவேண்டும். மற்ற ஊர்களில் கோபம் ஏறினால் மரியாதை குறையும். எங்களுக்குக் கூடும். கொலை பண்ண வந்தவனாக இருந்தாலும் "கொஞ்சந் திரும்பி நில்லுங்க" என்றுதான் சொல்வான். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததும் அதுதான்.

"முடிவு பண்ணீட்டீங்களா கண்ணு?"

"பண்ணீட்டனுங்கப்பா."

"செரிங்க."

"போயிட்டு வர்றனுங்கப்பா."

"செரிங்க சாமி."

அவ்வளவுதான். அவள் படியிறங்கினாள், அவர் கதவைச் சாத்தினார். குரல் உயரவில்லை, ஒரு டம்ளர்கூட உருளவில்லை. "மரியாதை இருக்குதுங்களே, அது ரப்பருங்க" என்று சார் எனக்கு விளக்கினார். "ரெண்டு பக்கமும் ரப்பரைக் கட்டிக்கிட்டு மோதினா எப்புடி நசுங்கும்? அவ அக்கட்ட போயிட்டா, நான் இக்கட்ட வந்துட்டன். சுத்தமான எலாஸ்டிக். ஆருக்கும் ஒரு நஷ்டமில்லீங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். நானும் சிரித்தேன். நான் எதற்கும் சிரிக்கிற ஜாதி.

ஆனால் ஊர் ஒன்றுதானே. ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தையில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்துவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். "நல்லாருக்கீங்களாப்பா?" "நல்லாருக்கறங்கண்ணு. நீங்க?" "நல்லாருக்கறனுங்க." இரண்டு பையும் உரசாமல் விலகிப் போகும். மகள் கண்ணுக்கு மறைந்த பிறகு, சார் நேராகக் கொத்தவரங்காய்க் கடைக்குப் போவார். நித்யாவுக்கு உயிர் அது. அவருக்கோ அதன் வாசனையே ஆகாது. இருந்தாலும் வாங்குவார். வாங்கியதை என்ன செய்வது? திங்கட்கிழமை காலை என்னிடம் நீட்டுவார். என் வீட்டில் வாரா வாரம் திங்கட்கிழமை கொத்தவரங்காய்ப் பொரியல். "உங்க சாருக்கு நாம என்னங்க பாவம் பண்ணோம்?" என்று என் மனைவி கேட்பாள். பதில் சொல்ல வாயில் இடமிருக்காது.

ஒருநாள் கேரம் ஆடும்போது கேட்டுவிட்டேன். "ஏனுங்க சார், காயி மோதினாலே டக்குனு ஒரு நஷ்டம் உண்டுன்னீங்க. முழு எலாஸ்டிக் எங்கயும் கெடையாதுன்னீங்க. உங்களுது மட்டும் எப்புடி முழுசாச்சு? உங்க டக்கு எங்கீங்க போச்சு?"

சுண்டப் போன விரல் அப்படியே நின்றது.

"கொத்தவரங்கா பிஞ்சா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். எழுந்து போய்விட்டார்.

கொஞ்ச நாளில் சாருக்கு நெஞ்சில் வலி வந்தது. அடைப்பு இருக்கிறது, ஆபரேஷன் செய்தாகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேக்கரியில் டீயை ஆற்றிக்கொண்டே, ஏதோ ஸ்கூட்டருக்கு டயர் மாற்றும் சங்கதி மாதிரி எனக்குச் சொன்னார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று தீர்மானம் பண்ணிவிட்டாராம். யார் பக்கத்தில் இருந்து பார்ப்பது என்றார். நான் இருக்கிறேன் என்றேன். "நீங்க இருந்தா சிரிச்சு சிரிச்சுத் தையல் பிரிஞ்சிருமுங்க" என்றார். மகளிடம் சொல்லலாமே என்றதற்குத் தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க. சொன்னா வருவா. வந்து, நல்லாருக்கீங்களாப்பானு கேப்பா. நானும் நல்லாருக்கறன்னு சொல்லோணும். அதை இன்னொருக்கா என்னால சொல்ல முடியாதுங்க."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். என்னிடம் ரகசியம் சொல்வது பனியன் துணியில் தண்ணீர் மொள்வது மாதிரி. அன்று சாயங்காலமே செல்வின் கம்பெனி வாசலில் போய் நின்றேன். கேட்டதும் அவன் முகம் கறுத்தது. திரும்பி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். சொதப்பிவிட்டோமோ என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் எங்கள் கம்பெனியில் ஆடிட். எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய அதிகாரி வந்து, தீயணைப்புக் கருவி தொங்குகிறதா, வழியில் துணி கிடக்கிறதா என்றெல்லாம் பார்க்கிற நாள். சேஃப்டி ஆபீசருக்கு வருஷத்தில் ஒரே மரியாதையான நாளும் அதுதான். சார் இஸ்திரி போட்ட சட்டையில் கேட்டருகே நின்றிருந்தார். அப்போது தன் கம்பெனித் துணி மூட்டை ஏற்றிய மொபெட்டில், வேலைக்கு நடுவே செல்வின் வந்து இறங்கினான்.

"வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க. டீ சாப்புடறீங்களா?" என்றார் சார். ரப்பர் தயாராக இருந்தது.

"டீயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஒமக்கு நெஞ்சுவலின்னு எவனோ சொல்லித்தான் ஒம்ம மவளுக்குத் தெரியணுமோ? செத்தா ஆள் விட்டுச் சொல்லலாம்னு இருந்தீரோ?"

எவனோ ஆகிய நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அந்த 'ஒமக்கு' எங்கள் ஊர்க் காதில் அறை மாதிரி விழுந்தது. வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, ஆளுங்க பாக்கறாங்க. பொறுமையாப் பேசலாமுங்க."

"பாக்கட்டும். ஏசணும்னா என்னைய ஏசும். அடிக்கணும்னா அடியும். ஒம்ம மவளக் கூட்டிட்டுப் போனவன் நான். எம்மேல ஒரு கோவங்கூடவா இல்ல? இந்த வாங்க போங்கவ மட்டும் நிறுத்தும்."

சார் வாயைத் திறந்தார். இன்னொரு 'ங்க' வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

"என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றார்.

எங்கள் சார் வாயிலிருந்து 'டா' வந்து அன்றுதான் கேட்டோம். அடுத்ததெல்லாம் கத்தல். என்ற புள்ளைடா, நான் வளத்த புள்ளைடா, ரெண்டு சடை பின்ன நான் எத்தனை நாள் பழகினன்னு தெரியுமாடா என்று, வரிசையில்லாமல், மூச்சு வாங்க வாங்க. கட்டிங்கில் கத்தரி நின்றது. மேரியக்காவும் சரசுவும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே ஆடிட் அதிகாரி என்ன சத்தம் என்று விசாரிக்க, தீ ஒத்திகை நடக்கிறது என்று பெர்சனல் மேனேஜர் சமாளித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சாரின் குரல் உடைந்தது. "அன்னிக்கு அவ ஒரு சொட்டு அழுகலையேடா. அழுதிருந்தா நான் கதவைச் சாத்தியிருப்பனா?"

செல்வினின் குரல் இறங்கியது. "அழுதா மாமா. பஸ் ஸ்டாண்டு வர அழுதுட்டேதான் எங்கூட வந்தா. கதவச் சாத்திட்டீய. ஒங்களுக்கு எங்க கேக்கும்?"

சார் அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் நஷ்டமே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய கணக்கில் வராமல் போன அழுகையை அப்போதுதான் கேட்கிறவர் மாதிரி, தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதார். செல்வின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டான். அவனும் அழுதான். தூணுக்குப் பின்னால் நானும். என் அழுகை ஏனோ தும்மல் மாதிரி சத்தம் போடும். வாட்ச்மேன் தண்ணீர் வேண்டுமா என்றார்.

அன்றைக்கு சார் மாப்பிள்ளையின் மொபெட்டில்தான் போனார். பின்னால் கட்டிய துணி மூட்டைமேல், ஹெல்மெட் இல்லாமல். ஆடிட் அதிகாரி வெளியே வந்து பார்த்தபோது, கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் ரோட்டில் மூட்டையோடு மூட்டையாக ஆடிக்கொண்டு போகிறார். பாரம் அதிகம், வண்டி மெதுவாகத்தான் போயிற்று. ஒட்டிப் போனால் வேகம் குறையும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை கொத்தவரங்காய் வரவில்லை. என் மனைவி மாரியம்மனுக்கு நன்றி சொன்னாள். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷன் நடந்தது. மகள் வீட்டில்தான் இருந்தார். பார்க்கப் போகும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திப் பெருமையாகச் சொல்வார். "இன்னிக்கு அவளுக்கும் எனக்கும் பயங்கரச் சண்டைங்க. உப்பு போடமாட்டேங்கறா. பாதி வீதிக்குக் கேட்டிருக்கும்." உள்ளேயிருந்து நித்யா, "கேக்கட்டும். உப்பு கெடையாது, போப்பா" என்பாள். அந்தப் 'போப்பா'வைக் கேட்டு சார் முகத்தில் வந்த வெளிச்சத்தை, எந்தப் பரீட்சையில் யார் முதல் மார்க் வாங்கியபோதும் நான் பார்த்ததில்லை.

அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. தள்ளிப்போட்ட நாட்களுக்கு இதயம் வட்டி கேட்டுவிட்டது. ஒரு காலையில், டீ ஆறிவிட்டதென்று மகளிடம் சண்டை பிடித்துவிட்டு, சூடாக்கி அவள் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். நித்யா வாய்விட்டு, தெருவே அதிரும்படி அழுதாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் "அழுகாதீங்க கண்ணு" என்று அமர்த்தப் போனார்கள். செல்வின் குறுக்கே கை நீட்டித் தடுத்தான். "விடுங்க. அழட்டும்."

என் மொபெட் இன்னும் ஓடுகிறது. டிங்கரிங் கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம், "முன்னாடி மட்கார்டுல நசுங்கல் அப்புடியே இருக்குதுங்களே, ரெண்டு தட்டுல எடுத்துரலாமுங்க" என்கிறார். அடுத்த தடவை பார்க்கலாம் என்கிறேன். அன்றைக்குக் குறைந்த சக்தியெல்லாம் நசுங்கலிலும் சூட்டிலும் போயிற்று என்று பேக்கரி வாசலில் உட்கார்ந்துகொண்டு சார் சொன்னார். மதியத்தில் வண்டியெடுக்கும்போது அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். சூடாகத்தான் இருக்கிறது. வெயில்தான் காரணம் என்று எனக்கும் தெரியும், அவ்வளவு இயற்பியல் எனக்கு வரும். இருந்தாலும் கையை உடனே எடுப்பதில்லை.